கன்றும் சேர்த்து மூன்று

ஓர் ஆத்மா கரையேற எங்கள் திண்டிவனத்தில் இருநூறு ரூபாய் ஆகும். கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுக்கிற காணிக்கை அது. செத்தவர் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள். அதையே பதினாறாம் நாள் காரியமாகச் செய்தால் மூவாயிரத்தில் தொடங்கும், அரிசி காய்கறி தனி. விழுப்புரத்தில் பிரபாவதி போகிற சபையில் இரட்சிப்பு இலவசம். ஆனால் உயிரோடு இருக்கிற வரைக்கும் வருமானத்தில் பத்தில் ஒன்று. அவள் தம்பி தென்னரசுவைக் கேட்டால் ஆத்மா என்று ஒரு சரக்கே கிடையாது, இல்லாத சரக்குக்கு என்ன விலை என்பான். இத்தனை கடையும் ஏறி இறங்கி, பேரம் பேசி, தான் கேட்டதிலிருந்து ஒரு பைசா இறங்காத ஒரே ஆள் அவர்களுடைய அம்மா கோவிந்தம்மாள்.

சந்தை மேட்டில் எனக்கு மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்கிற கடை. கோவிந்தம்மாளின் புருஷன் சவுரிராயன் மாட்டுத் தரகர். என் கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். பிறவியிலேயே கத்தோலிக்கர், கிறிஸ்துமஸுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் தவறாமல் கோயிலுக்குப் போவார், மற்ற நாட்களில் கடவுளைத் தொந்தரவு செய்ய மாட்டார். கோவிந்தம்மாள் பிறந்த வழியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில். வீட்டில் ஒரு சுவரில் மாதா, எதிர்ச் சுவரில் அங்காளம்மன், நடுவில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்தி. பிள்ளைகள் இரண்டும் இரண்டு சுவரையும் விட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்கள்.

மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருமுறை பிடித்தால் அது கேள்வி, மறுபடியும் அதையே பிடித்தால் வாக்கு. கன்றையும் சேர்த்துத்தான் பசு என்றால், கடைசியில் சுண்டு விரல் நுனியைக் கிள்ளுவார்கள்.

சவுரிராயனுக்குப் பக்கவாதம் வந்ததே துண்டுக்குள்தான். மாடு விற்க வந்த கெடார்க்காரர் ஒருவரின் கையை முழுதாகப் பிடித்தவர், பிடித்தது பிடித்தபடியே பக்கவாட்டில் சரிந்தார். ஐந்து என்று இத்தனை அழுத்தமாக யாரும் சொன்னதில்லை என்று கெடார்க்காரருக்குச் சந்தோஷம். பிடியை விடாததால்தான் அவருக்கே சந்தேகம் வந்தது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. பிறகு டாக்டர், வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பக்கத்திலேயே இருங்கள் என்றார். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்த அன்றே வீடு சந்தையாகிவிட்டது. பிரபாவதி விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கினாள். சின்னதில் தலையில் ஊற்றியது செல்லாது, அப்பாவுக்கு உடனே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், பாஸ்டர் தயாராக இருக்கிறார், பெரிய டிரம்மில் வெதுவெதுப்பாக வெந்நீர் வைத்தால் போதும் என்றாள். தென்னரசு ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். பேச முடிந்தபோது கேட்காததைப் பேச்சு போன பிறகு முக்கியெடுத்து வாங்குவதா என்று சண்டைக்கு நின்றான். அவன் யோசனை வேறு: உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டால் நாலு பிள்ளைகள் படிக்கும். இதற்கு நடுவில் பங்குச்சாமியார் இனியவன், நோயாளிக்கு மந்திரித்துப் பூசுகிற எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். சின்ன வயசு, சிரித்த முகம். எண்ணெய் பூசினால் சூடு தணியும்தானே என்று கோவிந்தம்மாள் அவருக்கு மட்டும் வழிவிட்டாள். டிரம்மும் கல்லூரியும் காத்திருக்கட்டும் என்றாள்.

என்னைத் தனியாகத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. விலை படியாத இடத்தில் நிற்கிற முகம்.

"அண்ணே, அவரு எங்க போறாருன்றது எனக்குக் கவல இல்ல. நான் போற எடத்துல அவரு இருப்பாரா, அத்த சொல்லு. சர்ச்சுக்காரங்க கூட்டினு போனா அது அவங்க எடம். என்ன வாசல்லயே நிறுத்திடுவாங்க. எங்க ஆளுங்க வழியில போனா அவரு வழி தெரியாம நிப்பாரு. நாப்பது வருசம் ஒரே பாயில படுத்துட்டு, செத்தப்புறம் ஆளுக்கு ஒரு ஊரா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டின் போக்குதான், மனுஷன் போக்கு தெரியாது, அவரையே கேள் என்றேன். வாய் சும்மா இருக்காமல் சொன்னது. பேச்சு போன ஆளிடம் எதைக் கேட்பது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். விறுவிறுவென்று உள்ளே போய் அவர் தோள் துண்டை எடுத்தாள்.

அவளுக்கும் விரல் பாஷை தெரியும். உறவுக்காரர்கள் கடன் கேட்டு வந்து உட்கார்ந்தால் சவுரிராயன், முகம் துடைக்கத் துண்டு கொண்டா என்பார். அவள் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதற்குள் இரண்டு விரலைப் பிடிப்பார். அவள் உள்ளே போய், இருப்பதே இருநூறுதான் என்று சத்தியம் செய்வாள். அந்த வீட்டில் இரண்டு மதம் ஒத்துப்போனதோ இல்லையோ, இந்த மொழி ஒத்துப்போனது.

கட்டிலில் உட்கார்ந்து அவர் இடக்கையின் மேல் துண்டைப் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள்.

"யம்மா, இன்னா பண்ற?" என்றான் தென்னரசு.

"வெல பேசறேன். கம்முனு இரு." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்: "யோவ், போற எடத்துல எத்தன தலைக்கு எடம் கேக்கற?"

துண்டு அசைந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோவிந்தம்மாளின் புருவம் சுருங்கியது.

"மூணுன்றாரு."

மூன்று என்ற ஒரே சொல்லை அவரவர் தங்கள் கடைக்கு எடுத்துப்போனார்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று சாமியார் மெல்லச் சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் அது, அப்பா ஞானஸ்நானம்தான் கேட்கிறார் என்று பிரபாவதி உருகினாள். எதிர்வீட்டுப் பெண், மூன்றாம் நாள் பால் தெளிப்பதை இப்போதே ஞாபகப்படுத்துகிறார் என்றாள். உள்ளங்கையில் எதை வைத்தாலும் கை தானாக மூடும், அதற்குப் பெயர் ரிஃப்ளெக்ஸ் என்றான் தென்னரசு. கெடார் மாட்டுக்கு முப்பதுதான் தகும், ஐம்பது என்று பிடித்தது நோயின் வேலை என்று கணக்கைத் திருத்துகிறாரோ என்று நான் நினைத்தேன்.

"எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க. இன்னும் வியாபாரம் முடியல," என்றாள் அவள். "ஒரு தடவ புடிச்சா அது கேள்வி."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் துண்டு அசைந்தது. மூன்று என்று அவள் உதடு அசைந்தது. அடுத்த கணம், தேள் கொட்டியதுபோல் அவள் கை துள்ளியது. துண்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சுண்டு வெரல கிள்றாரு," என்றாள்.

எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் பேசாத விஷயம் ஒன்று உண்டு. பிரபாவதிக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அப்போது அவர்கள் கோவிந்தம்மாளின் தாய்வீட்டில், கிளியனூரில் இருந்தார்கள். சவுரிராயனே தூக்கிக்கொண்டு போய்ப் புதுச்சேரி ரோட்டோரச் சுடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார். வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும், அதற்குப் பிறகும். அமாவாசைக்கு அமாவாசை கோவிந்தம்மாள் ஒரு சின்ன இலையில் பால்சோறு வைப்பாள். அந்த நேரம் பார்த்து அவர் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்.

"மறந்துட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அண்ணே," என்றாள், பின்னாலேயே போன என்னிடம், சுவரைப் பார்த்தபடி. "அதுக்கோசரம் உள்ளுக்குள்ள அவர எத்தினி திட்டியிருப்பேன்."

அது ரிஃப்ளெக்ஸ்தானா, வாக்குதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவளுக்கு அது வாக்கு. மூன்று தலையும் ஒரே இடத்தில் சேர வேண்டும். இரண்டு என்றால் வேண்டாம். மறுநாள் காலையிலேயே விலை கேட்கக் கிளம்பிவிட்டாள்.

முதலில் பங்குக் கோயில். என் மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். இனியவன் சாமியார் பொய் சொல்லத் தெரியாதவர், வியாபாரத்துக்கு லாயக்கில்லை. ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தையைப் பற்றி, நரகம் என்றும் சொல்லவில்லை, மோட்சம் என்று அடித்தும் சொல்லவில்லை. கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்றார்.

"ஒப்படச்சா, வாங்கிக்கினேன்னு அங்கருந்து எதனா தகவல் வருமாங்க சாமி?"

அவர் சிரித்துவிட்டார். தகவல் வராது, நம்பிக்கைதான் என்றார். அவளுக்கு என்ன வழி என்றால், அவள் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். தலையில் தண்ணீர் ஊற்றுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள் அவள். ஆனால் அமாவாசை இலையை விட முடியாது. சாமியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: இறந்தவர்கள் சாப்பிட வருவதில்லை, அவர்களுக்காக நாம் செபிக்கிறோம், பூசையில் பெயர் சொல்லி நினைக்கிறோம்.

"பேரு சொல்லித்தானே சாமி படிக்கறீங்க. அதுக்குப் பேரே கெடையாது. எலையும் போடலன்னா அத்த நான் எப்டித்தான் கூப்புடறது?"

இலையை வைத்துக்கொண்டு ஞானஸ்நானம் கேட்டால் தன்னால் கொடுக்க முடியாது என்றார் சாமியார்.

வெளியே வந்ததும் நான் என் தொழில் அறிவைக் காட்டினேன். விட்டுவிட்டேன் என்று வாயால் சொல், வீட்டுக்குள் இலை போடுவதை யார் வந்து எண்ணப்போகிறார்கள் என்றேன். சந்தையில் இது பொய்யில் சேராது. அவள் மொபெட்டில் ஏறாமல் நின்றாள்.

"கெட்ட சுழிய மறச்சி வித்த மாட்ட மறுவாரமே ஓட்டிக்கினு வந்து நிப்பாங்க. ஒனக்குத் தெரியாததா? அங்க போனப்புறம் என்ன திருப்பி அனுப்பிட்டா நான் எங்க அண்ணே போவேன்?"

வண்டியை உதைத்தேன்.

விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போனோம், பிரபாவதியும் கூட. சபை ஒரு டயர் கடை மாடியில். பாஸ்டர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகப் பேசினார். குழந்தையைப் பற்றிக் கேட்டதும் தயங்கவே இல்லை: சிசுக்கள் எல்லாம் கர்த்தரின் மடியில், சந்தேகமே வேண்டாம். கோவிந்தம்மாளின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பெற்றவர்கள் கதை என்ன என்று அடுத்துக் கேட்டாள். விசுவாசித்து முழுக்கு எடுக்க வேண்டும் என்றார். எடுக்காமலே அவர் போய்விட்டால்? பாஸ்டர் பிரபாவதியைப் பார்த்தார். கர்த்தர் நீதியுள்ளவர் என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"கன்னுக்குட்டிய உள்ள கட்டிக்கினு பசுவ வெளிய ஓட்டற எடத்துல எனக்கு வேல இல்லீங்க," என்று எழுந்தாள். டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான்.

மாடிப்படியில் பிரபாவதி உடைந்துவிட்டாள். "ஒங்கள வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள போவணும்னுட்டா இதெல்லாம் பண்றேன்? ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குதுமா. பயமா இருக்குது."

கோவிந்தம்மாள் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தாள். "பயப்படு. வேணான்னு சொல்லல. ஆனா டிரம்மு வேணாம். வந்து பாட்டு பாடு. ஒன் பாட்டுன்னா ஒங்கப்பனுக்கு உசுரு."

மிச்சம் இருந்தது சரக்கே இல்லாத கடை. அன்றைக்குச் சாயங்காலம் தென்னரசு அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தான். ஆத்மா இல்லை என்கிறவன்தான், ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் அவர் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எங்கயும் போறது இல்லமா. எல்லாம் மண்ணுதான்."

"எந்த மண்ணு?"

"எந்த மண்ணா இருந்தா இன்னா?"

"எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்றல்ல? அப்ப ஒரே மண்ணா இருக்கட்டும்."

தான் என்ன விற்றுவிட்டோம் என்று புரியாமல் அவன் ஸ்பூனைப் பிடித்தபடி பார்த்தான். அவள் விளக்கினாள். அவர் கோயில் கல்லறையிலேயே இருக்கட்டும், பிறந்த வழி. அங்கே குழந்தை வர வேண்டும். அதற்குக் கிளியனூர் போக வேண்டும். அப்படியானால் முண்டியம்பாக்கம் கல்லூரி என்ன ஆவது என்றான். கண்ணை எடுத்துக்கொள், பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டார், மற்றது எனக்கு வேண்டும் என்றாள். அவன் ஒரு மாதிரி சிரித்தான். எனக்குத் தெரிந்து, அந்த வீட்டில் அம்மாவிடம் பேரம் பேசி அவன் வாங்கிய முதல் பொருள் அந்த இரண்டு கண்தான்.

கிளியனூர்ப் பக்கம் நாலுவழிச் சாலை போட்டபோது ரோட்டோரச் சுடுகாட்டின் முன்பகுதி தாருக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் தென்னரசுவையும் என்னையும் அங்கே கூட்டிப் போன கோவிந்தம்மாள் வெள்ளைக் கோட்டின் ஓரமாக நடந்து, தன் அண்ணன் வீட்டுக் கிணற்றையும் ஏரிக்கரையையும் மாறி மாறிப் பார்த்து, ஓர் இடத்தில் நின்றாள். இதுதான் என்று எப்படித் தெரியும் என்று தென்னரசு கேட்டான்.

"ஒங்கப்பன் குழி வெட்டினப்ப நான் கொல்லையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். பொம்பளைங்க வரக்கூடாதுன்னாங்க. கண்ண மூடிக்கோன்னு யாரும் சொல்லல."

புதுச்சேரி பஸ்கள் சீறிக்கொண்டு போயின. அவள் சரிவில் குந்தி, தார் முடிகிற விளிம்புக்கு அடியில் கையை விட்டுத் தோண்டினாள். ஆத்மா இல்லாத பிள்ளை சாலையில் இறங்கி நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் தள்ளிப்போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தான். செம்மண்ணும் ஜல்லியுமாக வந்தது. ஜல்லியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணை எவர்சில்வர் தூக்கில் நிரப்பி மூடினாள்.

சவுரிராயன் அந்த வாரக் கடைசியில், பகலில், யாரையும் அலையவிடாமல் போனார். கண் எடுக்கிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிரபாவதியும் அவள் சபைப் பெண்களும் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். சாமியார் வந்து மந்திரித்தார். பிறந்த வீட்டுக் கோடியும் வந்தது, சவப்பெட்டியும் வந்தது. ஒரே சாவில் இத்தனை ஏற்பாட்டை எங்கள் தெரு பார்த்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். கோவிந்தம்மாள் முறை வந்தபோது தூக்கின் மூடியைத் திறந்தாள். கோயில்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். கோயில் பொறுப்பெல்லாம் அவருடையது. கெட்டவர் இல்லை, ஒழுங்குக்காரர்.

"இன்னாமா அது தூக்குல?"

"எம் பொண்ணு."

மந்திரித்த மண்ணில் வெளி மண்ணைக் கலக்கக்கூடாது, அதுவும் எந்தச் சுடுகாட்டு மண்ணோ என்று கோயில்பிள்ளை சாமியாரைப் பார்த்தார். தென்னரசு ஓர் அடி முன்னால் வந்தான். கோவிந்தம்மாள் அவனைப் பார்க்காமலே கையால் நிறுத்தினாள். கெஞ்சவில்லை. தூக்கைப் பிடித்தபடி நின்றாள். பொழுது விடிகிற வரைக்கும் அப்படியே நிற்பாள் என்பது எனக்குத் தெரியும், சாமியாருக்கும் தெரிந்துவிட்டது.

"மண்ணுகிட்ட ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் கேக்கற வழக்கம் நமக்கு இல்லீங்க," என்றார் அவர் கோயில்பிள்ளையிடம். "போடட்டும்."

அவள் பிடி பிடியாகப் போடவில்லை. தூக்கைச் சாய்த்து முழுவதையும் ஒரே இடத்தில், அவர் மார்பு இருக்கும் இடமாகப் பார்த்துக் கொட்டினாள். வெறும் தூக்கை இரண்டு முறை தட்டினாள். பிறகு, குழி மூடுவதற்குள்ளேயே, பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டிச் சாமியாரிடம் கேட்டாள்.

"இது எனக்கு."

சாமியார் தன் விதியைத் திரும்பச் சொன்னார். இலையை விட்டால் இன்றைக்கே ஆகும் என்றார். விடமாட்டேன் என்றாள். மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன், விதிவிலக்கு இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

"கேளுங்க சாமி. நான் வந்துக்கினே இருக்கறேன்."

அப்படியேதான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கதவருகே நின்று, பதில் வந்ததா என்று கேட்கிறாள். வரவில்லை என்றால் கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறாள். அமாவாசைக்கு இப்போது இரண்டு இலை. சாமியார் இரண்டு முறை மேலே எழுதியிருப்பதாகச் சொல்கிறார். நம்புகிறேன், அவருக்குத்தான் பொய் வராதே. பிரபாவதி அம்மாவுக்காக உபவாசம் இருக்கிறாள். தென்னரசு மட்டும், பதில் வருவதற்குள் இவள் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டான். பதில் வராமல் நான் போகமாட்டேன் என்றாளாம்.

இன்றைய தேதிக்குக் கணக்கு இது: கேட்ட இடம் மூன்று தலைக்கு. சேர்ந்தது, கன்றும் சேர்த்து, இரண்டு. பாக்கி ஒன்று.